லீப்ஸ்டரா, வி.ஸ்மைல் பாக்கெட்டா?

நாலைந்து வயதுப் பிள்ளைக்குப் பழைய கையடக்கக் கல்வி விளையாட்டுக் கருவி ஒன்றைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

எழுத்துப் பழக: லீப்ஸ்டரில் (2003) தொடுதிரை, கயிற்றோடு கூடிய பேனா. எழுத்தின் மேலேயே வரைந்து பழகலாம். பிள்ளைக்குக் கை பழகும் வயதில் இதுதான் பெரிது என்பேன்.
பாக்கெட்டில் (2005) ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும்தான்.

டிவியில் இணைக்க: பாக்கெட்டில் முடியும்.
லீப்ஸ்டரில் எல்-மேக்ஸ் மாடல் வேண்டும்.

செலவு: கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டியான கேட்ரிட்ஜ்தான் பணத்தைத் தின்னும், ஒன்றினுடையது மற்றதில் சேராது. வீட்டில் வி.ஸ்மைல் டிவி கருவி இருந்தால் அதன் கேட்ரிட்ஜ்களே பாக்கெட்டுக்கும் போதும். லீப்ஸ்டருக்கு நான்கு ஏஏ பேட்டரி; ரீசார்ஜ் வகையே வாங்குங்கள். எதுவானாலும் பேட்டரி அறையைத் திறந்து, கசிவு இருக்கிறதா பாருங்கள்.

எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு லீப்ஸ்டர். அண்ணன், அக்காவின் கேட்ரிட்ஜ்கள் மிச்சமிருக்கும் வீட்டுக்குப் பாக்கெட்.