வெளியூரிலிருந்து வீட்டு ரவுட்டருக்குள் நுழைய: ரிவர்ஸ் எஸ்எஸ்எச்சா, வயர்கார்டா?

ஊரில் அம்மா அப்பா வீட்டில் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறமூல இயங்குதளம்) போட்ட ரவுட்டர் ஓடுகிறது. வைஃபை படுத்தினால் இங்கிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டும். மூன்று வழிகளைப் பார்த்துவிட்டு இப்போது வயர்கார்டு என்ற விபிஎன்னில் (இரு முனைகளுக்கிடையே பூட்டிய தனிப்பாதை, அதாவது டனல்) நிற்கிறேன்.

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) வந்துசேரும் 22-ஆம் போர்ட்டை நேராக வெளியே திறப்பது எனக்குச் சரிப்படவே இல்லை. ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்கின்றன; வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. போர்ட்டைத் திறந்து பயனில்லை.

ரிவர்ஸ் எஸ்எஸ்எச்சில் ரவுட்டரே வெளியிலுள்ள வாடகை சர்வரான விபிஎஸ்ஸைக் கூப்பிடும். அதன் வழியாக நாம் திரும்ப உள்ளே வருவோம். அமைப்பது எளிது. ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் போகும். மின்சாரம் வந்து ரவுட்டர் மறுபடி கூப்பிட்டாலும், செத்துப்போன பழைய இணைப்பு விபிஎஸ்ஸில் அதே போர்ட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கும். இயல்பு அமைப்பில் விட்டால் இது தெளிய 2 மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். விபிஎஸ்ஸில் மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் இடைவெளியான கிளையண்ட்அலைவ்இன்டர்வெல்லை 30 நொடி என்று வைத்த பிறகுதான் நிம்மதி.

வயர்கார்டில் அறுந்துபோக இணைப்பு என்று ஒன்று இல்லை. ரவுட்டர் எழுந்ததும் விபிஎஸ்ஸுக்குப் புதிதாக ஹேண்ட்ஷேக் (தொடக்க அறிமுகச் செய்தி) அனுப்பும், அவ்வளவுதான். கீப்அலைவ் (பாதை மூடாமலிருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) 25 நொடி வைத்தால் சிஜிநாட்டும் தடையில்லை. ஒரே சிக்கல், கடிகாரம். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் பேட்டரி கடிகாரம் கிடையாது. எழும்போது நேரம் பின்தங்கியிருக்கும். முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரம் கொண்ட ஹேண்ட்ஷேக்கை மறுமுனை ஏற்காது. நான் முதலில் எல்லா டிராஃபிக்கையும் டனலுக்குள் திருப்பியிருந்தேன். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நேரம் சரியாகாமல் டனல் எழாது, டனல் எழாமல் நேரம் சரியாகாது! எந்த முகவரிகள் டனலுக்குள் போகலாம் என்று சொல்லும் அலவ்டு ஐபி பட்டியலில் டனல் முகவரியை மட்டும் வைத்த பிறகு, கரண்ட் வந்த சில நிமிடங்களில் தானாகவே வந்துவிடுகிறது. வீட்டில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

கோளாறு வந்தால் விபிஎஸ்ஸில் ‘டபிள்யூஜி ஷோ’ கொடுத்துப் பாருங்கள். ஹேண்ட்ஷேக் அண்மையில் நடந்திருந்தும் எஸ்எஸ்எச் வரவில்லை என்றால், முதலில் ரவுட்டரின் ஃபயர்வால் ஜோனை, அதாவது வயர்கார்டு வழி வருவதை அனுமதிக்கும் விதிகளை, பாருங்கள். ஹேண்ட்ஷேக்கே இல்லையென்றால் கீ, நேரம், யுடிபி போர்ட் என்று வரிசையாகப் பாருங்கள்.

ஒரே ரவுட்டரில் எட்டு மாத அனுபவம்தான் இது. பழைய ரிவர்ஸ் டனலையும் நான் எடுக்கவில்லை. போன மாதம் ஃபயர்வாலைத் திருத்தும்போது வயர்கார்டு ஜோனைத் தவறுதலாக அடைத்துவிட்டேன்; அன்று அந்த ரிவர்ஸ் டனல் வழியாகத்தான் உள்ளே போய்த் திறந்தேன்.