‘செட்டா மாத்தணும்’ என்றால் பழைய செட்டைத் திருப்பிக் கேளுங்கள்

தருமபுரி டவுனில் ஒரு சைக்கிள் கடை. பெயர் வேண்டாம். இதே வேலை கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் நடக்கலாம், அதனால் கடையை விட வேலையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். எங்கள் குழுவில் ஒருவரின் பழைய 21 கியர் மலை சைக்கிள், ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் தாவுகிறது என்று அங்கே விடப்பட்டது. “எல்லாமே தேஞ்சு போச்சு சார், செட்டா மாத்தினாத்தான் நிக்கும்” என்றார்கள். வாங்கியது 4,850 ரூபாய். பில்லில் இரண்டே வரி: ‘கியர் செட் 1’, ‘லேபர்’. பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்கு, “பழைய இரும்புக்குப் போட்டாச்சு.”

வண்டி பளபளவென்றுதான் வந்தது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பாகம் மாற்றப்படவே இல்லை, இரண்டு தப்பான அளவு, ஒன்று மாற்றத் தேவையே இல்லாதது.

முதலில் செயின். புதுசு என்று காசு வாங்கிய செயின் பழையதேதான், டீசலில் கழுவி எண்ணெய் விட்டு மாட்டியிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு ஊசியின் நடுவில் வைத்து, செயினை இழுத்துப் பிடித்துக்கொண்டு 24 கண்ணி தள்ளி வரும் ஊசியைப் பாருங்கள். புதுச் செயினில் அதன் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் தாண்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 தாண்டினால் அந்தச் செயின் பின்சக்கரப் பற்களையும் தின்றிருக்கும். இந்த ‘புது’ச் செயின் 1/8 கோட்டில் நின்றது. தகடு நீளுவதில்லை. ஊசியும் அதன் உள்கண்ணித் துளையும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது, அவ்வளவுதான். கழுவினால் அழுக்குப் போகும், தேய்மானம் போகாது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி ரோடுகளில் ஓடும் வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். எண்ணெயோடு சேர்ந்த கல்தூள் ஊசியை அரைத்துக்கொண்டே இருக்கும். கடைகளில் செயின் மேல் கிரீஸ் பூசித் தருவதை நல்ல சர்வீஸ் என்று நினைக்காதீர்கள், அந்தத் தூளைப் பிடித்து வைப்பதே அதுதான்.

அடுத்தது ப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல் சக்கரக் கொத்து. இங்கே நடந்தது நுணுக்கமான வேலை. பழையதில் 14, 16, 18, 20, 22, 24, 34 என்று ஏழு பல் சக்கரங்கள். புதிதாக ஏற்றியது 14, 16, 18, 20, 22, 24, 28. முதல் ஆறும் ஒன்றே என்பதால் டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வத்தல்மலை ஏறத் தொடங்கியதும் தெரியும். முன்னால் சின்னப் பல் சக்கரம், பின்னால் பெரியது என்று கடைசி கியருக்கு வந்த பிறகும் மிதி முன்பை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கனக்கும். 14-34 கையில் இல்லாததால் இருந்ததை மாட்டிவிட்டார்கள். “ஸ்டாக் இல்லை, இரண்டு நாள் ஆகும்” என்று சொல்லியிருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே வண்டி விடும் முன்பே பின்னால் உள்ள பெரிய சக்கரத்தின் பற்களை எண்ணிப் பில்லில் எழுத வையுங்கள். அது ப்ரீவீலா கேசட்டா என்றும் எழுதச் சொல்லுங்கள். ப்ரீவீல் மரை வழியாக ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பாகம்) மொத்தமாக ஏறுவது. கேசட் தனிப் பல் சக்கரங்களாக ஹப்பின் வரிப்பள்ளங்களில் நுழைந்து, வெளியே ஒரு பூட்டு வளையத்தால் நிற்பது. ஒன்றுக்கு ஒன்று மாறாது.

பழைய ப்ரீவீல் உண்மையில் போயிருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது, அது இரும்புக்குப் போய்விட்டது. முறைப்படி செய்தால் முதலில் செயினை மட்டும் மாற்றி, 14, 16 பல் சக்கரங்களில் எழுந்து நின்று மிதித்துப் பார்க்க வேண்டும். அதிகம் ஓடித் தேய்வது பெரும்பாலும் சின்னச் சக்கரங்கள்தான். புதுச் செயின் அங்கே தாவினால் ப்ரீவீலும் போச்சு. தாவாவிட்டால் அதை அப்படியே விடலாம். இவர்கள் செய்ததோ நேர் எதிர்: புது ப்ரீவீல் மேல் தேய்ந்த செயின். இந்தச் சேர்க்கை சில நாள் கரகரவென்று ஓடும், பிறகு புதுப் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அப்புறம் மறுபடி ‘செட்டா’ மாற்ற வேண்டியதுதான்.

மிதிக்கட்டையின் கைகளும் முன் பல் சக்கரங்களும் சேர்ந்த கிராங்க் செட்டுக்கு வருவோம். 42, 34, 24 பல், மூன்று சக்கரமும் ரிவெட் அடித்தது. ரிவெட் அடித்த செட்டில் ஒரு சக்கரம் மட்டும் மாற்ற முடியாது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் எஃகுச் சக்கரம் பல செயின்களைத் தாண்டி உழைக்கும். பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல் ஆகி, செயின் கீழே விடுபடாமல் மேலே இழுபட்டு ஃபிரேமோடு சிக்கினால்தான் அதன் காலம் முடிந்தது. இந்த வண்டியில் அந்தக் கோளாறு இருந்ததே இல்லை.

அதைவிட மோசம், கூடவே மாற்றிய பிபி (பாட்டம் பிராக்கெட்) ஆக்சில், அதாவது இரண்டு கிராங்கையும் தாங்கிச் சுற்றும் தண்டு. பழையது 122.5 மி.மீ., புதியது 113. சக்கரங்கள் சுமார் 5 மி.மீ. உள்ளே போய், பெரிய சக்கரம் பின் ஃபிரேம் குழாயை உரசுகிறது. செயினைச் சக்கரம் மாற்றித் தள்ளும் முன் டெரய்லரும் 24 பல்லுக்கு உள்ளே வர இடமில்லாமல் முட்டுகிறது. கழற்றிப் பார்த்தால், ஆக்சிலை ஃபிரேமில் பிடித்து நிறுத்தும் வலது கப்பில் உளி வைத்து அடித்த தழும்புகள். வலது கப் இடதுமரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமலோ, கப்பைக் கழற்றும் 20 வரி டூல் இல்லாமலோ அடித்திருக்கிறார்கள். இந்த டூலும், கிராங்கை இழுத்துக் கழற்றும் கிராங்க் புல்லரும் கடையில் இருக்கின்றனவா என்று வண்டியை விடும் முன்பே கேட்பதில் வெட்கமில்லை.

இடது கிராங்க் போல்ட்டும் கையால் திருகிய அளவுக்குத்தான் இருந்தது. இதுதான் ஆளை விழவைக்கும் விஷயம். சதுர ஆக்சிலில் அலுமினியக் கிராங்கை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும்: 20 செ.மீ. கைப்பிடியுள்ள ஸ்பேனரின் நுனியில் 18 முதல் 20 கிலோ வரை அழுத்தம். தளர்வாக ஓட்டினால் எஃகு ஆக்சில் அலுமினியத்தின் சதுரத் துளையை உருட்டிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்க் குப்பைதான். கடையிலிருந்து வந்த புது கிராங்கை ஒரு சின்ன ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கியர் வயரில் ஒரு வார்த்தை. வெளியுறைக்கு பிரேக் உறையை வெட்டிப் போட்டிருந்தார்கள். சுருள்கம்பியாலான அந்த உறை இழுக்கும்போது அழுந்தும், கிளிக் கிளிக் என்று விழ வேண்டிய கியர் பாதியில் நிற்கும். கியருக்கு நீளவாக்கில் கம்பிகள் ஓடும் 4 மி.மீ. உறைதான் வேண்டும். இன்னொன்று: டெரய்லரின் மேல் குட்டிச் சக்கரத்தை ஆட்டிக் காட்டி “இதுவும் ஆடுது பாருங்க” என்பார்கள். பல ஷிமானோ டெரய்லர்களில் அது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. தேய்மானம் இல்லை.

ஸ்கேலை வைத்துக் காட்டியதும் செயின் காசை மட்டும் திருப்பித் தந்தார்கள். மற்றதற்கு “பில்லுல கியர் செட்னுதானே இருக்கு” என்ற பதில்தான். ‘செட்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று வாதாடுவது கஷ்டம். செயின் எத்தனை ஸ்பீடு, ப்ரீவீல் எத்தனை பல், ஆக்சில் எத்தனை மி.மீ. என்று தனித்தனி வரியாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இதே நிலையில் வண்டியைத் திரும்ப வாங்கியவர்கள் 14-34 ப்ரீவீலை மறுபடி ஏற்றும்போது செயின் நீளத்தைச் சரிபாருங்கள். 28 பல்லுக்கு வெட்டிய செயின் குட்டையாக இருக்கலாம். டெரய்லருக்குள் நுழைக்காமல், முன்னால் 42, பின்னால் 34 மேல் செயினைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு கண்ணி விட்டு வெட்டுங்கள். குட்டைச் செயினோடு தெரியாமல் பெரியது-பெரியது கியர் போட்டால் டெரய்லர், ஃபிரேமில் அதைத் தாங்கும் ஹேங்கரோடு பிய்ந்து ஸ்போக்குக்குள் போகும்.