அமிலமா, குளூட்டாதயோனா, சூடா: எந்த ஜெல்லிடம் மருந்தை ஒப்படைப்பது?

நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வலைபோலப் பிணைத்து, உள்ளே மருந்து ஏற்றி, அமிலம், சூடு போன்ற ஒரு தூண்டல் கிடைத்ததும் அதை வெளியிடும் ஜெல் துகள்களைப் பற்றிய எந்த ஆய்வுக் கட்டுரையைப் பிரித்தாலும், மருந்து எத்தனை மணி நேரத்தில் வெளியேறியது என்ற வரைபடம் இருக்கும். நான் முதலில் தேடுவது வேறு: மருந்தை இறக்கிய பிறகு அந்தக் காலி ஜெல் எங்கே போகிறது? சிறுநீரகம் தாராளமாக வடிகட்டுவது ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கு உட்பட்டவற்றைத்தான். நானோஜெல் எனப்படும் இந்த நுண்துகள்களோ 100, 200 நானோமீட்டர். உடையாவிட்டால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேங்கும். அடுத்தடுத்த ஊசிகளில் தேக்கம் கூடும்.

இந்தக் கேள்வியில் முதலில் அடிபடுவது சூட்டுக்கு வினைபுரியும், பினிபாம் (PNIPAM) என்ற பாலிமரால் ஆன ஜெல். சுமார் 32 டிகிரி செல்சியஸில் சட்டென்று சுருங்கும். குப்பியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்தாலே உள்ளே வெளுத்துப் போகும். மேசையில் வைத்தால் பழையபடி ஆகும். வேடிக்கை காட்ட நல்லதுதான். ஆனால் உடம்பின் சூடு 37 டிகிரி; ஊசி போட்ட கையோடு மருந்தைப் பிழிந்துவிடும். போதாததற்கு, அதன் முதுகெலும்பான கார்பன் சங்கிலியை அறுக்க உடம்பில் வழியில்லை.

சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்புகளில், அமிலத்தில் அறுபடும் அசிட்டால் பிணைப்பு கெட்டிக்கார ரகம். பிஹெச் ஒரு அலகு இறங்கினால் அறுபடும் வேகம் சுமார் 10 மடங்கு ஏறும். ரத்தம் 7.4, லைசோசோம் (செல்லுக்குள் செரிமானம் நடக்கும் அமிலப் பை) 5 என்று வைத்தால் வித்தியாசம் ஏறத்தாழ 250 மடங்கு. புற்றுக்கட்டியைச் சுற்றியுள்ள 6.8-ஐ எடுத்தால் வெறும் 4 மடங்கு. 'கட்டியின் அமிலத்தன்மையே திறந்துவிடும்' என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த ரகம் பொருந்துகிற இடம் தடுப்பூசி. நோயெதிர்ப்புச் செல்கள் துகளை விழுங்கி அமிலப் பைக்குத் தாமே கொண்டுபோகின்றன. பெர்க்லியில் ஃப்ரெஷே குழு 2003-ல் புரதம் அடைத்த மைக்ரோஜெல்லைக் கொண்டு காட்டியது இதைத்தான். தொல்லை சேமிப்பில்: தண்ணீரில் வைத்தால் மெல்ல மெல்லத் தானே அறுபடும், உறைய வைத்து உலர்த்தித்தான் வைக்க வேண்டும்.

இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த டைசல்பைடு பிணைப்பை அறுப்பது, செல்கள் தாமே தயாரிக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. ரத்தத்தில் மைக்ரோமோலார் அளவு, செல்லுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார்: ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம். கார்னகி மெலனில் மாட்யாஷெவ்ஸ்கி குழு 2007-ல் இப்படிப்பட்ட நானோஜெல்லைச் செய்தபோது, சங்கிலிகளின் நீளத்தையும் கட்டுக்குள் வைத்தது. இது சின்ன விஷயம் இல்லை. உடைந்த துண்டு சிறுநீரகம் தாண்டுமா என்பதை அந்த நீளம்தான் தீர்மானிக்கும். குறையும் உண்டு. செல் விழுங்கிய துகள் முதலில் என்டோசோம் என்ற பைக்குள் மாட்டிக்கொள்கிறது. குளூட்டாதயோன் குவிந்திருப்பதோ அதற்கு வெளியே, சைட்டோசோல் என்ற செல் திரவத்தில். ரத்தத்து ஆல்புமின் புரதத்தில் உள்ள தயோல் என்ற கந்தகத் தொகுதியும் வழியிலேயே கொஞ்சம் கைவைக்கும். இருந்தாலும், சைட்டோசோலில் வேலை செய்ய வேண்டிய எஸ்ஐஆர்என்ஏ (ஒரு மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) போன்ற சரக்குக்கு என் ஓட்டு இதற்கே.

நொதியால் அறுபடும் பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) ஜெல்கள் இன்னொரு ரகம். நொதியின் அளவு ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறுவதால் இப்போதைக்கு ஒதுக்குகிறேன். இரண்டு மூன்று தூண்டல்களை ஒரே துகளில் திணிப்பது கட்டுரைக்கு அழகு, தயாரிப்பவருக்குத் தலைவலி.

ஆனால் ஒன்று இடிக்கிறது. டொரன்டோவில் வாரன் சான் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்ட கணக்கில், செலுத்திய நானோதுகளில் கட்டியை எட்டியது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு போய்ச் சேரும் கல்லீரல் செல்லிலும் லைசோசோம் உண்டு. குளூட்டாதயோன் அங்கேதான் ஏராளம். அமிலமும் குளூட்டாதயோனும் 'செல்லுக்குள் வந்துவிட்டோம்' என்று சொல்லுமே தவிர, 'புற்றுச் செல்லுக்குள்' என்று சொல்லாது. இந்த ரகங்களில், இடத்தைத் தேர்ந்தெடுக்க மருத்துவர் கையில் ஒரு பிடி இருப்பது, நான் முதலில் தள்ளிவைத்த சூட்டு ஜெல்லில் மட்டும்தான். அக்ரிலமைடு கலந்து சுருங்கும் சூட்டை 40 டிகிரிக்கு மேல் ஏற்றி, கட்டியை மட்டும் வெளியிலிருந்து சூடாக்கலாம். சங்கிலிகளைக் குட்டையாக வைத்து டைசல்பைடால் பிணைத்தால் கழிவுச் சிக்கலும் பெருமளவு குறையும். உடம்பெங்கும் பரவிவிட்ட புற்றுக்கு மட்டும் இது உதவாது; எங்கே என்று சூடு வைப்பது?