நோ டிஸ்ப்ளே கேஸுக்கு ஒரு டீபக் கார்டு: யாருக்கு உதவும், யாருக்கு வேண்டாம்

ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டரில் மட்டும் ஒன்றும் வராது. சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் பாஷையில் "நோ டிஸ்ப்ளே". இந்த நிலையில் சிபியூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் சில இடங்களில் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே "போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. திருவல்லிக்கேணியில் எங்கள் டிடிபி கடையில் இன்னும் ஜி31, ஜி41 சிப்செட் வைத்த பழைய மதர்போர்டுகள்தான் ஓடுகின்றன (பேஜ்மேக்கரையும் பழைய தமிழ் ஃபாண்ட்டையும் விட்டு எங்கே போவது?), அதனால் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வாங்கியதுதான் இந்த பிசிஐ டீபக் கார்டு, அதாவது மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகி, கோளாறு எந்தக் கட்டத்தில் என்று பார்க்கிற கார்டு. ஐநூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. பெட்டியில் பிராண்டு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் (போர்டின் சிப்பிலேயே இருக்கும் தொடக்க புரோகிராம்) ஒவ்வொரு உறுப்பாகச் சோதித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்திலும் 80 என்ற ஐஓ போர்ட்டுக்கு (பிராசசர் வெளியே தகவல் அனுப்பும் ஒரு முகவரி) ஓர் எண்ணை எழுதும், அதில் சி1, எஃப்எஃப் என்று ஆங்கில எழுத்தும் கலந்து வரும். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி காலத்துப் பழக்கம், இன்றுவரை விடவில்லை. கார்டு அந்த எண்ணைப் பிடித்துச் சிவப்பு எழுத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான். எண்கள் கடகடவென்று ஓடி எதில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் சிக்கல். கவனியுங்கள், எந்த இடத்தில் நின்றது என்றுதான் சொல்லும், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. அவார்டு என்ற கம்பெனியின் பயாஸில் சி1-இல் நின்றால் மெமரியைக் கண்டுபிடிக்கிற கட்டம். அதற்கு ரேம் போயிருக்கலாம், ஸ்லாட் போயிருக்கலாம், சென்னைக் காற்றில் ரேமின் தங்கப் பற்கள் கறுத்தும் போயிருக்கலாம். எங்கள் கடையில் சி1 வந்தபோதெல்லாம் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்லாட் மாற்றிப் போட்டதிலேயே பெரும்பாலும் சரியாகிவிட்டது.

குழப்புகிற ஒன்று எஃப்எஃப். ஆன் செய்த நொடியிலிருந்தே எஃப்எஃப் அசையாமல் நின்றால் பிராசசர் ஒன்றுமே எழுதவில்லை என்று அர்த்தம். பவர், பிராசசர், பயாஸ் சிப் பக்கம் பாருங்கள். ஆனால் எண்கள் ஓடி முடித்து எஃப்எஃப்-இல் நின்றால், அவார்டு பயாஸைப் பொறுத்தவரை சோதனை எல்லாம் முடிந்து விண்டோஸைத் தேடப் போய்விட்டது! போர்டு மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்ன மெஷினில் எங்களுக்கு இப்படித்தான் வந்தது, கடைசியில் பார்த்தால் மானிட்டர் கேபிளில் ஒரு பின் வளைந்து கிடந்தது. அதனால் கார்டைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போகாமல், எண்கள் ஓடுகிறதா என்று முதல் சில விநாடிகள் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு தொல்லை. 6-க்கும் ஆங்கில பி-க்கும் மேலே ஒரு கோடுதான் வித்தியாசம், டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூடவே வரும் புத்தகம் பொடி எழுத்து, அதில் ஏஎம்ஐ, அவார்டு, பீனிக்ஸ் என்ற மூன்று பயாஸ் கம்பெனிகளின் பழைய கோடுகள். ஒரே எண்ணுக்கு ஒவ்வொருவரிடமும் வேறு பொருள், ஆகவே உங்கள் போர்டில் இருப்பது யாருடைய பயாஸ் என்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்து பயனில்லை.

ஓரத்தில் 12, 5, 3.3 வோல்ட்டுக்குச் சின்னச் சின்ன விளக்குகள். ஒன்று எரியாவிட்டால் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மேல் சந்தேகப்படலாம், ஆனால் எரிவதை வைத்து நல்லது என்று சொல்ல முடியாது, 5 வோல்ட் நாலரைக்கு இறங்கியிருந்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும். அதற்கு மல்டிமீட்டர்தான் வேண்டும். எனக்கு அதிகம் உதவுவது ரீசெட் விளக்கு: ஆன் செய்ததும் ஒரு முறை மின்னி அணைய வேண்டும், அணையாமல் நின்றால் போர்டு ரீசெட்டை விட்டு வெளியே வரவேயில்லை, ரேமை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி விற்கிறவர் சொல்லாதது. 2011-இல் வந்த எச்61 சிப்செட்டிலேயே நேரடி பிசிஐ கிடையாது. அந்தப் போர்டில் பிசிஐ ஸ்லாட் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது இடையில் ஒரு பிரிட்ஜ் சிப் வழியாக வருவது, அதனால் கார்டு எண் எதுவும் காட்டாமல் வெறுமனே இருக்க வாய்ப்பு அதிகம். "லேப்டாப், டெஸ்க்டாப் எல்லாத்துக்கும் வரும் சார்" என்று மினி பிசிஐஇ முனையோடு இன்னொரு மாடலைக் காட்டுவார்கள், அது லேப்டாப் கம்பெனி அந்தப் பின்னில் டீபக் லைன் கொடுத்திருந்தால்தான் பேசும்.

புதிய போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. பல போர்டுகளில் சிபியூ (இங்கே பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் என்று நான்கு விளக்குகள் இருக்கின்றன, விலை கூடிய மாடல்களில் எண் காட்டும் டிஸ்ப்ளேயே உண்டு, கோடு பட்டியல் மேனுவலில் இருக்கும். இப்போதைய ஏஎம்ஐ பயாஸில் 55 என்றால் மெமரி இல்லை, டி6 என்றால் டிஸ்ப்ளே சாதனம் கிடைக்கவில்லை. பழைய போர்டுக்குக்கூட முதலில் ஒரு பீப் ஸ்பீக்கர் வாங்கிச் செருகிப் பாருங்கள், டீ செலவுதான் ஆகும், இப்போதைய கேபினெட்டுகளில் அதைத் தருவதே இல்லை. அவார்டில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே, பழைய ஏஎம்ஐயில் மூன்று பீப் என்றால் மெமரி.

எங்களைப் போல ஜி31, ஜி41 கூட்டத்தை வைத்து மேய்ப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார். வாங்கும்போது கடையில் ஓடுகிற பழைய போர்டு ஒன்றில் செருகிக் காட்டச் சொல்லுங்கள், எண் மாறினால் மட்டும் காசு கொடுங்கள். வாரண்டி கேட்டால் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும்.