பல் இம்ப்ளான்ட் வைத்து வீட்டுக்கு வந்தாச்சு: கஞ்சியா, கூழா, ஐஸ்கிரீமா?

பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு ஒருவர் வீடு திரும்பினால், வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் அன்று சாயங்காலமே ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். ஒருவர் கூழ் என்பார், இன்னொருவர் ஐஸ்கிரீம் என்பார், மூன்றாமவர் உப்புத் தண்ணீரில் உடனே கொப்பளிக்கச் சொல்வார். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் முதல் நாளைக்கு ஆகாதது நாலாம் நாளைக்கு நல்லதாக இருக்கும், முதல் நாளைக்கு நல்லது அப்புறம் தேவைப்படாது. அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் வைத்தபோது கூடவே இருந்து பார்த்ததையும், டாக்டர் சொல்லிக்கொடுத்ததையும் வைத்து இவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

வாய்க்குள் நடந்திருப்பது இதுதான். ஈறைத் திறந்து, தாடை எலும்பில் துளை போட்டு, பல்லின் வேருக்குப் பதிலாக ஒரு டைட்டானியம் திருகை இறக்கி, தையல் போட்டிருக்கிறார்கள். அங்கே உறைந்து நிற்கும் ரத்தம்தான் முதல் சில நாளைக்குக் காயத்தின் மூடி. அதைக் கலைக்காத சாப்பாடும் பழக்கமும் எதுவோ, அதற்கே என் ஓட்டு.

சாப்பாடு

அரிசிக் கஞ்சிக்கும் கேழ்வரகுக் கூழுக்கும்தான் எங்கள் பக்கம் உண்மையான போட்டி. எதிர்வீட்டு ஆயா அம்மாவைப் பார்த்ததுமே, "இன்னாம்மே, கன்னம் இப்டி வீங்கிக்கீது, ஒரு சொம்பு கூழு குடி, சில்லுன்னு இருக்கும்" என்றார். "நாலு நாள் போவட்டும் ஆயா" என்று அம்மா வாயைத் திறக்காமலே சொன்னார்.

ஆயா சொன்னதில் நியாயம் உண்டு. கூழ் ஆறிப்போய்த்தான் வரும், சூடு காயத்தில் படாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. ஆனால் கூழில் நொய் மிதக்கும். முழுசாக வேகாத ஒரு நொய் தையலுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் அதை நாக்கால் துழாவி எடுக்கத்தான் தோன்றும். அந்தத் துழாவல்தான் ஆபத்து. அப்புறம் கூழ் என்றால் கூடவே பச்சை வெங்காயம், மோர்மிளகாய், கருவாடு என்று கை தானாகப் போகும். சுண்ணாம்புச் சத்தை ஒரு வாரம் சேர்த்துக் குடித்ததால் எலும்பு சீக்கிரம் கூடிவிடாது, அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

கஞ்சியைக் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, வடிகட்டி, வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு ஸ்பூனில் கொடுத்தால் வாயில் எதுவும் நிற்காது. குறை என்னவென்றால் வெறும் கஞ்சி இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், புரதமும் போதாது. பாசிப்பருப்பைச் சேர்த்தே வேகவைத்து மசித்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாளைக்குக் கஞ்சி, அதற்குப் பிறகு நொய் போடாமல் மாவு மட்டும் கரைத்துக் காய்ச்சிய கூழ். என் தீர்ப்பு இதுதான்.

இட்லி மூன்றாம் நாளிலிருந்து சரி. பாலிலோ தெளிந்த ரசத்திலோ ஊறவைத்து, மறுபக்கமாக மெல்ல வேண்டும். தயிர் சாதமும் அப்படியே, ஆனால் தாளிக்கக் கூடாது. கடுகு ஒன்று தையலில் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு. முட்டையைக் கலக்கி, மிளகு போடாமல் மெத்தென்று வேகவைத்துக் கொடுக்கலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கும்.

காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் எத்தனை நாள் என்று கேட்பார்கள். முள் இல்லை என்று சுறாப்புட்டைச் சிபாரிசு செய்வார்கள். முள் இல்லாதது உண்மை, ஆனால் அது உதிரி உதிரியாகக் காயத்தில் போய் அடையும், இஞ்சியும் மிளகாயும் எரியும். தையல் பிரிக்கும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள், முட்டைக்கே முதலிடம்.

ஐஸ்கிரீம் முதல் நாள் இதமாகத்தான் இருக்கும். முந்திரி, கோன் எதுவும் இல்லாத வெறும் வெனிலா என்றால் தப்பில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நான் மோரைத்தான் சொல்வேன். சர்க்கரை ஏறினால் காயம் ஆறுவது தள்ளிப்போகும். இளநீர் நல்லது, ஆனால் ஸ்ட்ராவில் வேண்டாம். உறிஞ்சும் இழுப்பில் ரத்த உறைவு பெயர்ந்துவிடலாம், கடைக்காரரிடம் சொல்லி சொம்பில் ஊற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டும் உறிஞ்சுவதுதான், கூடவே ஈறுக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். மாவா, ஹான்ஸ் என்று வாயில் அடக்கும் புகையிலைப் பக்கமும் போகவே கூடாது.

உப்புத் தண்ணீரா, மவுத்வாஷா?

முதல் 24 மணி நேரத்துக்கு இரண்டுமே வேண்டாம், வேகமாகத் துப்பவும் வேண்டாம். அதற்குப் பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்திருந்து தலையைச் சாய்த்து வழியவிடலாம். செலவில்லை, எரிச்சலில்லை. டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் கிருமியை அடக்குவதில் உப்பை விட வலுவானது. ஆனால் நாளாக ஆகப் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் வைத்துத் துலக்கிய கையோடு ஊற்றினால் பாதி வீண், அரை மணி நேரம் விட வேண்டும். எழுதிக் கொடுத்த நாள்வரை காலையும் இரவும் மவுத்வாஷ், மற்ற நேரம் உப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டோம். கிராம்பு எண்ணெய், மஞ்சள் பற்று இரண்டும் வேண்டாம். திறந்த ஈறில் எண்ணெய் சுட்டுவிடும், தூள் தையலில் அடையும்.

ஐஸா, ஒத்தடமா?

இதில் சண்டையே இல்லை. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், கன்னத்துக்கு வெளியே, 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுத்து. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் அதற்குப் பிறகுதான். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் சீக்கிரம் வடியும்.

வலி மாத்திரை

ஐபுப்ரோஃபென் வலியோடு வீக்கத்தையும் பிடிக்கும், ஆனால் வெறும் வயிற்றில் ஆகாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாராசிட்டமால் வயிற்றுக்குச் சாது, வீக்கத்தை மட்டும் பெரிதாகக் குறைக்காது. இங்கே அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. காம்பிஃப்ளாம் மாத்திரையில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 மில்லிகிராம் என இரண்டுமே இருக்கின்றன. அது தெரியாமல் மேலே தனியாகப் பாராசிட்டமாலும் போட்டுக்கொள்வார்கள். மெடிக்கலில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். எதுவானாலும் முதல் மாத்திரையை மரப்பு முழுசாக விடுவதற்கு முன்பே போட்டால் முதல் ராத்திரி தூங்கலாம்.

வீடு திரும்ப: ஆட்டோவா, மெட்ரோவா?

பிராட்வே பக்கம் சிகிச்சை முடித்துத் திருவொற்றியூர் திரும்புகிறவர்களுக்கு, கண்டெய்னர் லாரிக்கு நடுவே புழுதியில் குலுங்கிக்கொண்டு போகும் ஆட்டோவை விட மெட்ரோ எவ்வளவோ மேல். 2021இல் விம்கோ நகர்வரை நீண்டதிலிருந்து இந்த வசதி இருக்கிறது. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பஞ்சை மாற்றிக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை, மறுநாளும் உதடு மரத்தே இருக்கிறது, மூன்று நாள் கழித்து வீக்கம் கூடுகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் கஞ்சியும் ஐஸும் பதில் சொல்லாது, உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவது வாரத்தைப் பற்றி. அதற்குள் வலி போயிருக்கும், தையல் பிரித்திருக்கும், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கூப்பிடும். ஆனால் திருகை முதலில் இறுக்கிப் பிடித்த பழைய எலும்பு அப்போது கரைந்துகொண்டிருக்கும், புது எலும்பு இன்னும் கெட்டிப்படாது. பிடிப்பு குறைவாக இருக்கிற வாரங்கள் அவை. எலும்பு நன்றாகக் கூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அம்மா முறுக்கைக் கேட்டபோது பாலில் ஊறவைத்த பன்னைத்தான் கொடுத்தேன். கோபித்துக்கொண்டார், ஆனாலும் சாப்பிட்டார்.