மாலத்தீவில் நிறுவன வரி: முன்கூட்டியே பிடிப்பதா, பிறகு தணிக்கை செய்வதா?

மாலத்தீவின் வருமான வரிச் சட்டம் 2019-இல் வந்தது. ஆண்டு லாபத்தில் 5 லட்சம் ருஃபியாவைத் தாண்டும் பகுதிக்கு நிறுவனங்கள் 15 சதவீத வரி கட்ட வேண்டும்; வங்கிகளுக்கு 25 சதவீதம். விகிதம் எளிது, வசூல்தான் கடினம். ஏனெனில் சுற்றுலா விடுதிகள் பலவற்றின் உரிமையும் நிர்வாகமும் வெளிநாட்டில் இருக்கின்றன. வழிகள் இரண்டு: பணம் கொடுக்கும்போதே வரியைக் கழிக்கும் பிடித்தம், பிறகு கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கை.

செலவு
பிடித்தம்: பணம் கொடுப்பவரே கழித்துக் கட்டுவதால் அரசுக்குச் செலவு குறைவு.
தணிக்கை: தேர்ந்த கணக்காளர்கள் வேண்டும், சிறிய நாட்டில் அவர்கள் அரிது.

வேகம்
பிடித்தம்: பணம் நாட்டை விட்டுப் போகுமுன் வரி கைக்கு வரும்.
தணிக்கை: மேல்முறையீடு, வழக்கு என்று இழுக்கும்.

துல்லியம்
பிடித்தம்: வெளிநாட்டவருக்குச் செல்லும் வாடகை, உரிமத்தொகை போன்றவற்றில் 10 சதவீதம். பெறுபவரின் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.
தணிக்கை: தாய் நிறுவனத்துக்குக் கட்டணத்தைப் பெருக்கிக் காட்டி உள்ளூர் லாபத்தைச் சுருக்கும் தந்திரத்தை இதனால்தான் பிடிக்க முடியும். கட்டணத்துக்கு 10 சதவீதம் கட்டி, லாபத்துக்கான 15 சதவீதத்திலிருந்து தப்புவது நிறுவனத்துக்கு லாபமே!

எல்லை கடக்கும் சில்லறைக் கட்டணங்களுக்குப் பிடித்தமே போதும். பெரிய விடுதிக் குழுமங்களிடம் அது போதவே போதாது; நல்ல தணிக்கையாளர்களை அங்கேதான் அனுப்ப வேண்டும்.