புது ஆம்ப் விற்க மறுத்த கடை

கோயிலில் சொல்லும் ஓம் எனக்குத் தெரியும். கார் பின்பெட்டிக்குள் இருக்கும் ஓம் (மின்தடையின் அலகு) இப்படிப் பாடாய்ப் படுத்தும் என்று ஐம்பது வயது வரை தெரியாது.

என்னுடையது பழைய ஹோண்டா ஃபிட். சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமம், முடிய இன்னும் மூன்று வருஷம். உட்லண்ட்ஸிலிருந்து துவாஸ் வரை தினமும் ஒலி 96.8 வானொலி கேட்டுக்கொண்டு போகிறவன் என்பதால், போன வருஷம் ஒரு கடையில் பத்து அங்குல சப்வூஃபரும் (அடிநாத ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) அதை ஓட்ட ஒரு மோனோபிளாக் ஆம்பும் (ஒற்றைச் சேனல் ஒலிபெருக்கி) மாட்டிக்கொண்டேன். ஆம்ப் பெட்டியில் 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட் என்று போட்டிருந்தது. சப்பில் இரண்டு காயில் (கம்பிச்சுருள்), ஒவ்வொன்றும் 2 ஓம். மாட்டியவர் இரண்டையும் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 4 ஓமாக விட்டிருந்தார். வேலை சரிதான், என் ஆசைதான் சரியில்லை. 500 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 300 வாட்டோடு சும்மா இருப்பதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை புளோக்குக்குக் கீழே காரை நிறுத்தி, நானே வயரைக் கழற்றிப் பேரலலாக, அதாவது பக்கத்தில் பக்கத்தில் மாற்றினேன். காயில் 2 ஓம், பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் அதே 2 ஓம்தானே என்று என் கணக்கு. பக்கத்தில் கட்டினால் பாதியாகும் என்று பள்ளியில் படித்தது சமயத்துக்கு வரவில்லை. மறுநாள் காலை கிளம்பியதும் சப் இடியாய் இடித்தது. ஜூரோங் தாண்டியதும் நிசப்தம், ஆம்பில் சிவப்பு விளக்கு. ஆறிய பிறகு பாடும், சூடேறியதும் மறுபடி படுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு கடையில் காட்டினேன். ஆம்ப் போச்சு, 1 ஓம் தாங்குகிற புதுசு 650 வெள்ளி (டாலர்) என்றார்கள். பின்பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

வேலையிடத்து நண்பர் சொல்லித்தான் உபி வட்டாரத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். காரோடு சரிவுப்பாதையில் ஏறிப் போகிற தொழிற்கூடக் கட்டடம். மூன்றாம் மாடியில் மூலைக் கடை, பெயர்ப்பலகை பாதி மறைந்திருக்கும். ஏர்கான் கிடையாது. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் ஈப்போக்காரர், அறுபதைத் தாண்டியிருக்கும்.

எதுவும் கேட்காமல் சப்பின் வயரை ஆம்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 0.9 காட்டியது. "தம்பி, ஆம்ப் சாகல. நீங்கதான் கழுத்த நெரிச்சிருக்கீங்க" என்றார். 2 ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதிய ஆம்புக்கு 1 ஓமைக் கொடுத்தால் அது இழுக்கும் கரண்ட் எகிறும், சூடாகும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். நல்ல வேளை, இதற்கு அந்தப் புத்தி இருந்தது. மீட்டரில் தெரிவது நேர்மின்சாரத்துக்கான தடை மட்டும், அது எழுதியிருக்கும் ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்றும் சொன்னார். பாட்டு ஓடும்போது உண்மையான இம்பீடன்ஸ் (மாறுமின்சாரத்துக்கான மொத்தத் தடை) ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் மாறிக்கொண்டே இருக்குமாம்.

"அப்போ 2 ஓமாக மாத்திக் கொடுங்கண்ணே" என்றேன். சிரித்தார். இந்த சப்பில் 1 வரும் அல்லது 4 வரும், நடுவில் எதுவும் வராது. 2 வேண்டுமானால் இரண்டும் 4 ஓம் காயிலாக இருக்கிற சப்பை வாங்கிப் பேரலலாகக் கட்டியிருக்க வேண்டும். நான் விடவில்லை. ஒரு காயிலை மட்டும் மாட்டினால் 2 ஓம் வருமே? வரும், ஆனால் மொத்தச் சூட்டையும் அந்த ஒரு காயில் தாங்க வேண்டும், சப் பாதி பவருக்குத்தான் ஆகும் என்றார். அப்புறம் என் வாயை அடைத்த கணக்கைப் போட்டார்: 300 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் வித்தியாசம் இரண்டு டெசிபலுக்கு (ஒலியளவின் அலகு) சற்று மேல். ஃபிட் மாதிரிச் சின்னக் காரில் இதற்காக 650 வெள்ளியா? அவர் கடையிலேயே 1 ஓம் ஆம்ப் இரண்டு அலமாரியில் இருந்தன. விற்றிருக்கலாம்.

பழையபடி சீரிஸ். ஒரு காயிலின் மைனஸ் அடுத்ததன் பிளஸுக்கு, மீதி இரண்டு முனையும் ஆம்புக்கு. இதற்கு ஐந்து நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் நான் கவனிக்காத விஷயங்களில் போனது. எர்த் வயரை பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். தகடு பளபளக்கும் வரை சுரண்டி மறுபடி முடுக்கினார். நான் ஆம்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைச் சரிசெய்யும் குமிழ்) முழுக்கத் திருகி வைத்திருந்ததைப் பார்த்து, "இது வால்யூம் குமிழ் இல்ல தம்பி" என்று சலித்துக்கொண்டார். சப்பைக் கழற்றி, பாஸ் பூஸ்டைப் பூஜ்யமாக்கி, ரேடியோவின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பார்த்தார். 300ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6 வோல்ட். 34இல் நிறுத்திக்கொண்டார். குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை.

கூலி 80 வெள்ளி, இரண்டு மணி நேரம். இப்போது மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்கிறது. முன்பு எல்லாமே ஒரே 'தும் தும்'. மதிய வெயிலில் நிறுத்தி எடுத்தாலும் சிவப்பு விளக்கு வருவதில்லை.

குறையும் உண்டு. வாட்ஸ்அப்பில் பதில் வர இரண்டு நாள் ஆகும். வயர்களை டேப் சுற்றிக் கட்டுவதில் அழகு பார்க்கிறவர் இல்லை, பின்பெட்டிக் கம்பளத்தைத் திரும்ப ஒட்டியதும் கோணல். சனிக்கிழமை போகாதீர்கள், சரிவுப்பாதை வரை கார்கள் நிற்கும். நான் போனது செவ்வாய் காலை பதினொன்றுக்கு, அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பின்பக்க நம்பர் பிளேட் இன்னும் கடகடக்கிறது. அதற்கு ஸ்பாஞ்ச் டேப் வாங்கி நீங்களே ஒட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.